நான்காம் அடுக்கு

சாக்கிநாகா அச்சகம் நின்றுபோனால்
நான்கு மணி நேரத்தில்
பிவண்டியில் எந்திரம் ஓடும்
என்று எழுதியிருந்தேன்.
தணிக்கைக்கு வந்த வாடியா அம்மாள்
"ஓட வேண்டும்" என்று பென்சிலால் திருத்தினார்.
மழையைப் பார்த்தவர்.

பேரிடர் மீட்புத் திட்டம், பதிப்பு ஆறு,
நாற்பத்தொரு பக்கம்,
கடைசியில் என் கையெழுத்து.

ஒத்திகை வருடத்துக்கு இரண்டு முறை,
வெயில் அடிக்கும் சனிக்கிழமையாகப் பார்த்து,
சமோசாவுடன்.
ஐந்நூறு கடிதம், எல்லாம் ஒரே ஆளுக்கு:
திரு. சோதனை சோதனை,
கதவு எண் ஒன்று, சோதனைத் தெரு.
உறையின் சாளரத்தில் அவர் பெயர்
ஒரு மயிரிழை விலகாமல் வந்து நின்றது.
கைதட்டினோம்.
பிறகு ஐந்நூறு பேரையும்
துண்டாக்கும் எந்திரத்தில் போட்டோம்.

ஜூலையில் மித்தி வந்தது.
வாசலில் மணல்மூட்டை அடுக்கிக் காத்திருந்தோம்,
அது கழிப்பறை வழியாக வந்தது.
காகித உருளை ஒன்று முந்நூறு கிலோ.
தண்ணீர் குடித்தபின் எவ்வளவு என்று
யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை.
அடிவரிசை ஊதி
மேல்வரிசையை மெல்லத் தூக்க,
கட்டியிருந்த இரும்புப் பட்டை
ஒவ்வொன்றாகத் தெறித்தது.

அழைப்புப் பட்டியலில் முதல் பெயர் கவ்ளி.
மனைவி எடுத்தாள்.
"இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வருகிறார்.
போன் நனையுமென்று
வீட்டில் வைத்துவிட்டுப் போனார்."
இரண்டாம் பெயர் வேலையை விட்டு
நாசிக் போய் எட்டு மாதம்.
மூன்றாவது நான்.
நேரம் பதிய வேண்டுமே என்று
என் எண்ணை நானே அழைத்தேன்.
பிஸியாக இருந்தேன்.

பிவண்டியில் ஃபிர்தோஸ் ஜெனரேட்டரை எழுப்பினான்.
ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் கடிதம்
கோப்பாக வந்து இறங்கியது.
அங்கே இருந்த உறை முப்பதாயிரம்.
மீதி உறைகள் இங்கே என் காலடியில்,
பசை நனைந்து,
உள்ளே ஒன்றுமில்லாமல்
தம்மைத் தாமே ஒட்டிக்கொண்டிருந்தன.

"எதிலிருந்து ஆரம்பிக்க, மேடம்?"

அதற்குத்தான் பக்கம் பதினேழு.
அடுக்கு ஒன்று, தவணை தப்பியவர்கள்;
தாமதித்தால் வங்கிக்கு நாங்கள் அபராதம் கட்டுவோம்.
இரண்டு, கிரெடிட் கார்டு கணக்கு.
மூன்று, பண்டிகைச் சலுகை, நான்கு வண்ணத்தில்.
நான்கு, காப்பீடு:
தங்கள் இறப்புக் கோரிக்கை ஏற்கப்பட்டது.
அறுநூற்றுப் பன்னிரண்டு.
இறந்தவர் பெயர் மடிப்புக்குள்ளே போய்விடும்,
சாளரத்தில் தெரிவது வாரிசின் பெயர்.
ஏன் கடைசி என்று காரணமும் கொடுத்திருந்தேன்,
எட்டாம் அளவு எழுத்தில்:
அபராதம் இல்லை. யாரும் போன் செய்து கேட்பதில்லை.

மாடிப்படியின் நான்காம் படியில் உட்கார்ந்திருந்தேன்.
முழங்கால்வரை ஆறு.
"நாலிலிருந்து" என்றேன்.
"திட்டத்தில் அப்படி…"
"திட்டம் நனைந்துவிட்டது, ஃபிர்தோஸ்."

பொய்.
லேமினேட் செய்த பிரதி என் மடியில்தான் இருந்தது,
பொட்டு ஈரமில்லாமல்.

அறுநூற்றுப் பன்னிரண்டும் பதினோரு நிமிடம்.
அதன்பின் தவணை, கார்டு, எல்லாம் வரிசைப்படி,
உறை தீரும்வரை.
முகாதமின் டெம்போ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு
நெடுஞ்சாலை ஏறி
தாணேக்கு இந்தப் பக்கம் நின்றது.
இரண்டு நாள் நின்றது.
முதலில் அச்சானதும் கடைசியில் அச்சானதும்
ஒரே தார்ப்பாயின் கீழ்.

காலை எட்டுக்கு வந்து சேர்ந்தான் கவ்ளி.
மூன்றாம் எந்திரத்தின் மூடியைத் திறந்து,
காகிதம் நுழையும் வாயில்
ஒரு சிறு நண்டைக் காட்டினான்.
நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது பதிப்பு ஏழு, நாற்பத்தாறு பக்கம்.
கழிப்பறையைச் சேர்த்தாயிற்று.
நாசிக்காரரை நீக்கியாயிற்று.
கவ்ளியின் போனுக்கு
கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் பை,
தொண்ணூறு ரூபாய், ரசீது இணைப்பு.

வாடியா அம்மாள் படிவத்தை அனுப்பியிருக்கிறார்.
விலகல்: பதினோரு நிமிடம்.
காரணம்: பக்கத்தில் ஒரு பெட்டி,
இரண்டு வரி கொள்ளும்.
வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார்.